மாடிப்படிப் பதிவு

அந்த இசைத்தட்டு பெயிண்ட் கடையில் மட்டும்தான் கிடைத்தது. பிரஷும் ஏணியும் விற்கும் அந்த நிறுவனத்தின் கிளைகளில், பணம் கட்டும் மேசைக்குப் பக்கத்தில், நிற மாதிரி அட்டைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கம்பித் தாங்கியில் வைத்திருந்தார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பாடிக்கொண்டிருக்கும் 'ஐந்தாம் மாடி' இசைக்குழுவின் தொகுப்பு. பதினான்கு பாடல்கள். வேறு கடைகளில் இல்லை, இணையத்திலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் கிளினிக்கில் கூடினோம். கிளினிக் பல் டாக்டரம்மாவுடையது. அந்தக் குழு எங்கே எப்போது என்ன பதிவு செய்தது என்று இருபது வருடமாக அவர் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். அதனால் எங்களுக்கு அவர் 'பட்டியல்'. இன்னொருவர் பேருந்து ஓட்டுநர். கைக்கு எது கிடைத்தாலும் தட்டிக்கொண்டே இருப்பார். அவர் 'தாளம்'. அவர்தான் நோயாளிகளுக்கான நாற்காலியில் மல்லாந்து படுத்து, அட்டையை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாலு பாட்டுல ஹிட்டு ஒண்ணுகூட இல்ல. இதை எவன் தொகுத்தான்? பெயிண்ட் கலக்குறவனா?"

"ஹிட்டு கிடக்கட்டும். மூணாவதும் பத்தாவதும் ஒரே பாட்டு. பத்தாவது கொஞ்சம் நொண்டுது, அவ்வளவுதான்" என்றார் பட்டியல்.

"பின்னாடி படத்தைப் பாத்தீங்களா? அஞ்சு பேர் நாலு பேரா நிக்கறாங்க. கீபோர்டுக்காரரை மடிப்புக்குள்ள தள்ளிட்டாங்க."

"நீங்க மொதல்ல வாயை மூடுங்க. அந்த நாற்காலியில உக்காந்து வாயைத் திறந்தா எனக்குக் கை பரபரங்குது."

தாளம் சிரித்தபடி நாற்காலியின் கையில் தட்டினார். இதில் ஏதோ செய்தி ஒளிந்திருக்கிறது என்பது அவர் கட்சி. பாடல்களின் முதல் எழுத்துகளைக் கோத்துப் பார்த்தாராம். ஒன்றும் வரவில்லை. நிமிடங்களைக் கூட்டிப் பார்த்தாராம். அதிலும் ஒன்றும் இல்லை. குழு பிரியப்போகிறது என்பதற்கு அடையாளம் என்றார். பட்டியல் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"எல்லாத்தையும் விடுங்க. ஏழாவதுக்கு வாங்க" என்றார்.

ஏழாவது பாடல் 'நனைந்த முகவரி'. அதன் கீழே சின்ன எழுத்தில் 'மாடிப்படிப் பதிவு' என்று அச்சிட்டிருந்தது.

"என் பட்டியல்ல இதுக்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டு வெச்சிருந்தேன். நேத்து அதை அழிச்சேன். அவங்களே வெளியிட்டுட்டாங்க. இனி யார் என்ன சொல்ல முடியும்?"

"அந்தக் காது மெக்கானிக் இப்ப என்ன சொல்வாரு?" என்று தாளம் என் பக்கம் திரும்பினார். "உங்க மச்சானைச் சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்கள்ல?"

நான் எதுவும் சொல்லவில்லை. எனக்கு நன்றாக வரும் காரியம் அது ஒன்றுதான்.

ஏழாவது பாடலை இரண்டு முறை போட்டுக் கேட்டார்கள். இரண்டாவது நிமிடம் பதினோராவது விநாடி வந்தபோது நான் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பதிவைச் செய்தது குழு அல்ல. நான்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ரசிகர்கள் கூடும் இடத்துக்குப் புதிதாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒவ்வொருவரிடமும் வேறு யாரிடமும் இல்லாத ஒரு கேசட் இருந்தது. அதைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவார்கள். என்னிடம் கொடுக்க எதுவும் இல்லை. என் அறையில் இரண்டு கச்சேரிகளின் கேசட் இருந்தது, இரண்டும் ஊருக்கே தெரிந்தவை. இரண்டிலும் இருந்த 'நனைந்த முகவரி'யில், ஒன்றின் முன்பாதியையும் மற்றதன் பின்பாதியையும் வெட்டி ஒட்டினேன். ஒட்டு தெரிந்தது. அதை மறைக்க, ரெக்கார்டரை எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் வைத்து ஒலிக்கவிட்டு, மேல்தளத்தில் இன்னொன்றை வைத்துப் பதிந்தேன். படிக்கட்டின் எதிரொலியில் ஒட்டு அமுங்கிப்போனது. ஸ்டுடியோ கிடைக்காத காலத்தில் அவர்கள் படிக்கட்டில் வைத்துப் பாடியது என்று சொல்லிக் கொடுத்தேன். 'மாடிப்படிப் பதிவு' என்ற பெயரும் நான் வைத்ததுதான். அந்தக் கேசட்தான் என்னை உள்ளே சேர்த்தது. என் நண்பன் கிடைத்ததும், பிறகு அவன் தங்கை எனக்கு மனைவியானதும் அதன் வழியாகத்தான்.

அந்த நண்பன்தான் மச்சான். காது கேட்கும் திறனைச் சோதித்துக் கருவி பொருத்துவது அவன் தொழில். பதினோரு வருடத்துக்கு முன் ஒருநாள், எல்லோர் முன்னாலும், "இது ஒட்டினது. ரெண்டு பதினொண்ணுல அறை மாறுது" என்றான். யாரும் ஏற்கவில்லை. பொறாமை என்றார்கள். தாளம்தான் முதலில் காது மெக்கானிக் என்றார். மச்சான் என்னைப் பார்த்தான். நான் கேசட் பெட்டியின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அவன் எழுந்து போனான். அதற்குப் பிறகு வரவேயில்லை. தங்கையைப் பார்க்க வந்தால்கூட நான் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வருவான்.

எனக்கு வேலை, மருந்துப் பெட்டிகளில் அச்சாகப்போகும் எழுத்தைச் சரிபார்ப்பது. ஒரு புள்ளி இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவேன். குழு எப்படி ஏமாந்தது என்பதுதான் பிடிபடவில்லை. பெயிண்ட் நிறுவனத்தில் யாரோ ஒருவர் ரசிகர்களின் சேகரிப்பிலிருந்து பாட்டுகளை எடுத்துக் கொடுத்திருக்கலாம். குழுவினர் கேட்காமலே கையெழுத்துப் போட்டிருக்கலாம். அல்லது கேட்டு, ஆமாம், அந்தப் படிக்கட்டு நினைவிருக்கிறது என்றே சொல்லியிருக்கலாம். ஆயிரம் முறை பாடியவர்களுக்கு எந்த முறை எங்கே என்று எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்தபோது மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அண்ணன் போன் பண்ணார். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணுமாம்."

"எதுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? பெயிண்ட் வாங்கப் போனவர் ஏதோ தட்டு வாங்கிட்டு வந்திருக்கார். அதைக் கேட்டதுலேர்ந்து, நான்தான் தப்பு, நான்தான் தப்புன்னு ஒரே புலம்பல்." சட்டையைத் திருப்பிப் போட்டாள். "வேலையை வேற விடப்போறாராம்."

"என்னது?"

"இந்த மாசத்தோட. இல்லாத ஒட்டு பதினோரு வருஷமா அவருக்குக் கேட்டுதாம். இப்பவும் கேக்குதாம். அப்படின்னா காதுல கோளாறாம். அந்தக் காதை வெச்சுக்கிட்டு இன்னொருத்தர் காதுல கருவி மாட்டக் கூடாதாம். பைத்தியமா இவருக்கு? நீங்களாவது போய்ச் சொல்லுங்களேன், ஒரு பாட்டுக்காக யாராவது வேலையை விடுவாங்களான்னு."

"சொல்றேன்."

"பதினோரு வருஷமா ரெண்டு பேரும் கண்ணாமூச்சி ஆடினது போதும். எனக்கு அலுத்துப்போச்சு."

மறுநாள் அலுவலகத்தில், பிழையே இல்லாத ஒரு பெட்டியைப் பிழை என்று திருப்பி அனுப்பினேன். அது அரை மணி நேரத்தில் என் மேசைக்கே திரும்பி வந்தது. என்ன தவறு என்று கேட்டார்கள். அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மச்சான் வேலை பார்த்த நிலையம் ஒரு கண்ணாடிக் கடையின் மேல்மாடியில் இருந்தது. காத்திருக்கும் இடத்தில் ஆறு நாற்காலிகள், இரண்டில் வயதானவர்கள். வரவேற்பில் இருந்த பெண், உள்ளே போகச் சொன்னாள். சோதனை அறையின் கனமான கதவு திறந்திருந்தது. சாம்பல் நிறப் பஞ்சுச் சுவர்களுக்கு நடுவே மச்சான் நோயாளியின் இடத்தில், காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது.

"வா மாப்ள" என்றான், நேற்றுப் பார்த்தவன் போல. "நல்ல நேரத்துல வந்தே. வெளிய அந்த மெஷின்ல உக்காரு. சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கிட்டே போ. ரெண்டு பேர் பாத்துட்டாங்க, எல்லாம் சரியா இருக்குன்னு சொல்றாங்க. தெரிஞ்சவங்க, மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாங்க போல. நீ பொய் சொல்ல மாட்டே."

கதவை மூடிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். இரட்டைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கண்ணை மூடிக் காத்திருந்தான். எனக்கு முன்னால் குமிழ்கள், ஒரு சின்ன ஒலிவாங்கி. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. அவன் கண்ணைத் திறக்கவில்லை. ஒலி இன்னும் வரவில்லையா, வந்தும் தனக்குக் கேட்கவில்லையா என்று முகத்தில் ஒரு பதற்றம் ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தினேன்.

"மச்சான், அது ஒட்டினதுதான். நான்தான் ஒட்டினேன்."

அவன் அசையவில்லை.

"ரெண்டு கச்சேரி கேசட். எங்க பழைய பிளாட் மாடிப்படியில வெச்சு மறுபடியும் பதிஞ்சேன். நீ சொன்ன அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும்."

பிறகு அவன் கண்ணைத் திறந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். அவன் குரல் இயந்திரத்திலிருந்து மெல்லியதாக வந்தது.

"பதினொண்ணா, பன்னெண்டா?"

"பதினொண்ணு."

"மூணாவது நிமிஷத்துல மணி மாதிரி ஒண்ணு கேக்குமே?"

"லிஃப்ட். நாலாவது மாடியில நின்னுது."

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அதன் ஒயரைச் சுற்றினான், பிரித்தான், மறுபடி சுற்றினான். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது குரல் தணிந்திருந்தது.

"ரொம்ப மட்டமான ஒட்டுடா அது. எப்படி ஒருத்தனுக்கும் கேக்கல?"

நான் போனை எடுத்து, அவன் பார்க்க, எங்கள் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். ஏழாவது பாட்டு நான் ஒட்டியது, மச்சான் சொன்னது சரி, பழி முழுக்க என்மேல். படிக்கட்டையும் லிஃப்டையும் பற்றிக்கூட எழுதினேன்.

தாளம் உடனே பதில் போட்டார். "பாசம் பொங்குது! மச்சானுக்காக என்ன வேணா சொல்வீங்களா?"

பட்டியல் சற்று நேரம் கழித்து எழுதினார். "படிக்கட்டுன்னு அட்டையிலயே போட்டிருக்கு. அதைப் படிச்சிட்டு யாரும் இந்தக் கதை சொல்லலாம். அச்சுல வந்ததை உங்க குடும்பச் சண்டைக்காக அழிக்க முடியாது. தயவுசெஞ்சு இதை இங்க பேசாதீங்க."

மறுபடி எழுதப் போனேன். எழுதும் இடம் மூடியிருந்தது. என்னை நீக்கிவிட்டார்கள்.

மச்சான் போனை வாங்கி இரண்டு முறை படித்தான். சிரிப்பான் என்று நினைத்தேன்.

"நம்ப மாட்டாங்க" என்றான். "அது எனக்கு வேண்டாம். எனக்குத் தெரிஞ்சாச்சு." போனை என் கையில் வைத்தான். "உன்மேல வர்ற கோபத்தை என்ன பண்றதுன்னுதான் தெரியல மாப்ள. இத்தனை நாளும் அதை என் காது மேல காட்டிக்கிட்டிருந்தேன். சொல்லாம இருந்தியே. என் தங்கச்சி வீட்டுக்கு நான் திருடன் மாதிரி வந்துட்டுப் போனேன், நீ பாத்துக்கிட்டிருந்தே."

"மச்சான்..."

"இப்ப பேசாத. ஆள் காத்திருக்காங்க." வரவேற்புப் பெண்ணைக் கூப்பிட்டான். "அம்மா, மேனேஜர்கிட்ட கொடுக்கச் சொன்னேனே ஒரு கடிதம், கொடுத்துட்டியா?"

"இன்னும் இல்ல சார். கீழ போறப்ப கொடுக்கலாம்னு..."

"கிழிச்சுப் போட்டுரு. அடுத்தவங்களை அனுப்பு."

வயதான ஒருவர் சுவரைப் பிடித்தபடி உள்ளே போனார். அவருக்குப் பின்னால் கதவு முழுதாக மூடவில்லை. நான் வெளியே வந்து காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். போகச் சொன்னானா இருக்கச் சொன்னானா என்று புரியவில்லை. மனைவிக்குப் போன் செய்ய நினைத்து, என்ன சொல்வது என்று தெரியாமல் போனைத் திரும்பப் பையில் போட்டேன். உள்ளே மச்சானின் குரல் கேட்டது.

"வலது பக்கம் பரவால்ல. இடதுதான் குறையுது. சந்தேகமே இல்ல, குறையுது. கருவியை நான் மாத்தித் தரேன்."

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் என் பக்கம் சாய்ந்து உரக்கக் கேட்டார். "உங்க டோக்கன் நம்பர் என்ன?"

என்னிடம் எண் எதுவும் இல்லை என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். எழுந்து போகத் தோன்றவில்லை.