வாசலில் வைத்த அடுப்பு

தங்கை பிரியங்காவின் கல்யாணத்துக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு இண்டூருக்கு வந்த சந்திரமோகன் அங்கேயே மாட்டிக்கொண்டான். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மறுவீடு, விருந்து எல்லாம் ஆயிற்று. அவன் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது கொரோனா என்று வெளிநாட்டு விமானங்களை நிறுத்தினார்கள். அடுத்து நாட்டையே அடைத்தார்கள். மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் என்று பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குப் போன அவன் அம்மாவும் அங்கேயே தங்கிப்போனாள். இண்டூர் வீட்டில் மிஞ்சியது அவனும் அப்பா ராஜாமணியும்தான். இருவருக்குமே டீ போடத் தெரியும், அதற்கு மேல் அடுப்பு விஷயம் எதுவும் தெரியாது. பக்கத்து வீட்டுச் சித்தி காசியம்மாள் மூன்று வேளையும் தூக்குப்போசியில் சோறு கொடுத்தனுப்பினாள்.

அவன் மனைவி பானுமதியும் பிள்ளைகளும் இங்கிலாந்தில், கவென்ட்ரியில் இருந்தார்கள். மூத்தவள் வெண்மதிக்குப் பதினொரு வயது. சின்னவன் சந்துருவுக்கு ஐந்து. பள்ளிக்கூடம் கெட்டுவிடும் என்று அவர்களைக் கல்யாணத்துக்குக் கூட்டி வரவில்லை. அந்த முடிவை எடுத்தவன் சந்திரமோகன்தான். அந்த வீட்டில் பெரும்பாலான முடிவுகளை அவன்தான் எடுப்பான்.

போனில் படம் தெளிவாகத் தெரியும் இடம் வீட்டுக்கு உள்ளே எங்கும் இல்லை. வாசலில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு கட்டில் அகலத்துக்குத்தான் சிக்னல் கிடைத்தது. அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு அலுவலக வேலையையும் பார்த்தான், கவென்ட்ரியில் இருந்த குடும்பத்தையும் பார்த்தான். அங்கே விடியும்போது இங்கே வெயில் உச்சிக்கு ஏறியிருக்கும்.

பானுமதி சூப்பர் மார்க்கெட் ஒன்றில் அலமாரிகளில் சரக்கு அடுக்கும் வேலை பார்த்தாள். ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டபோதும் அந்த வேலைக்கு விடுப்பு கிடையாது. கடைகளில் வேலை பார்க்கிறவர்கள், நர்சுகள், பஸ் ஓட்டுகிறவர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு மட்டும் பள்ளியைத் திறந்து வைத்திருந்தார்கள். காலையில் மூன்று பேரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். வெறிச்சோடிய தெருவின் நடுவில் நடந்து போகலாம் என்பதில் சந்துருவுக்கு அப்படி ஒரு குஷி. ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் பிள்ளைகள் வானவில் வரைந்து ஒட்டியிருந்தார்கள். அவன் வரைந்ததில் ஏழு நிறம் போதாமல் கறுப்பும் இருந்தது.

இதையெல்லாம் சந்திரமோகன் போனில் பார்த்தான். பார்த்ததோடு விட்டிருக்கலாம்.

"பின் கதவு பூட்டினியா? பாய்லர்ல பிரஷர் பாத்தியா? அவன ஏன் ஸ்வெட்டர் இல்லாம வுட்ட? பாக்கெட்டுங்கள கழுவாம ஏன் உள்ள வெச்ச?"

முதலில் பானுமதி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அப்புறம் தலையை மட்டும் ஆட்டினாள். ஒருநாள் வேலை முடிந்து வந்தவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, "கடைல மாஸ்க் போடறியா இல்லியா? வந்ததும் குளிச்சியா?" என்று அவன் மூன்றாவது தடவையாகக் கேட்க, மாவுக் கையோடே நிமிர்ந்து போனைப் பார்த்தாள்.

"அங்க உக்காந்துக்கிட்டு இங்க குடித்தனம் பண்ணாதீங்க. இங்க இருக்கறவ நான். எனக்குத் தெரியும்."

அவள் குரல் உயரவில்லை. அதனாலேயே அவனுக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு சில நாள் பேச்சு குறைந்துபோனது. பிள்ளைகள் பேசுவார்கள், அவள் பின்னால் எங்கோ நடந்துகொண்டிருப்பாள். கோபம் தணியட்டும் என்று அவனும் விட்டுவிட்டான்.

ஒரு மத்தியானம் போனை எடுத்தது வெண்மதி. பள்ளிக்குப் போகும் நேரம், ஆனால் அவள் இரவு உடையிலேயே இருந்தாள்.

"ஸ்கூல் போவலியா?"

அவள் சந்துருவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சோபாவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, "அம்மாக்கு காய்ச்சல். சொல்லக்கூடாது" என்றான்.

பானுமதி மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்து அது மூன்றாவது நாள். வாசனை தெரியவில்லை, நாக்கில் ருசி இல்லை, எழுந்து நின்றால் மூச்சு வாங்குகிறது. உதவி எண்ணுக்கு அவளே கூப்பிட்டுப் பேசியிருக்கிறாள். வீட்டிலேயே இருங்கள், மூச்சு முட்டினால் மட்டும் மறுபடி கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் பாலும் ரொட்டியும் வாங்கி வந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போகிறார். பிள்ளைகள் மூன்று நாளாக ரொட்டியும் ஜாமும் தின்றுகொண்டிருந்தார்கள்.

போனை மாடிக் கதவுக்கு வெளியே வைக்கச் சொன்னான். கதவு ஒரு விரல் அகலம் திறந்து கை மட்டும் வந்து எடுத்துக்கொண்டது. தலையணையில் அவள் முகம் பாதி தெரிந்தது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

பானுமதி கண்ணை மூடிக்கொண்டாள். "சொன்னா நீங்க கேள்வி கேப்பீங்க" என்றாள். ஒரு மூச்சு விட்டுவிட்டு, "பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லீங்க" என்றாள்.

கேட்க வேண்டியது எவ்வளவோ அவன் வாய்வரை வந்தது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "சரி, தூங்கு. புள்ளைங்கள நான் பாத்துக்கறன்" என்றான். சொன்ன பிறகுதான், எப்படிப் பார்த்துக்கொள்வது என்று உறைத்தது.

போன் திரும்பக் கீழே வந்ததும் வெண்மதிதான் வழி சொன்னாள். "அம்மாக்கு ரொட்டி முழுங்க முடியல. கஞ்சி வேணும்னாங்க. எனக்குச் செய்யத் தெரியல. ஆனா காமிச்சா செய்வன்."

காசியம்மாள் சித்தியைக் கூப்பிட்டுப் போனுக்கு முன்னால், தள்ளி நிற்க வைத்தான். "ஒரு கை அரிசி போடு கண்ணு, கொளகொளன்னு வந்ததும் எறக்கிக்கோ" என்றாள் சித்தி. யாருடைய கை, எது கொளகொள என்று வெண்மதிக்கு விளங்கவில்லை. சித்திக்கோ போனைப் பார்த்துப் பேசக் கூச்சம். அரிசி எவ்வளவு என்று மறுபடி கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

சந்திரமோகன் கொஞ்ச நேரம் யோசித்தான். அப்புறம் சமையலறைக்குள் போய் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். சிலிண்டரை உருட்டி வந்து தொட்டி ஓரம் நிறுத்தினான். முக்காலி மேல் அடுப்பு ஏறியது. கட்டிலில் படுத்திருந்த ராஜாமணி எழுந்து உட்கார்ந்தார்.

"ஏன்டா, என்னடா பண்ற?"

"கஞ்சி காச்சப் போறன்."

"சித்தி குடுக்கற சோறு போதலியா?"

"எனக்கில்லப்பா. கவென்ட்ரிக்கு."

அவருக்கு விஷயத்தைச் சொன்னான். கேட்டதும் எழுந்து வந்து, "போனக் குடு, நான் புடிச்சிக்கறன். உனுக்கு ரெண்டு கையும் வேணுமில்ல" என்றார்.

அன்று சாயங்காலம் இண்டூர் தெருவில் ஒரு வேடிக்கை நடந்தது. ஊரடங்கில் பொழுது போகாமல் இருந்தவர்கள் அவரவர் வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்தார்கள். சீமையில் வேலை பார்க்கிறவன், சட்டை நுனியால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, அரிசியை டம்ளரில் அளந்து, அந்த டம்ளரைப் போனுக்கு நேராகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"இவ்ளோ. இதே சைஸ் டம்ளர் இருக்கா?"

"இருக்குப்பா. வாட்டர்?"

அது அவனுக்கும் தெரியாது. "ஆறு ஊத்திப் பாப்போம். ரெண்டு பேரும் ஊத்துவோம். எது சரியா வருதோ பாக்கலாம்."

"ரெண்டும் ஒரே மாதிரிதானப்பா வரும்?" என்றாள் வெண்மதி. சரியான கேள்விதான். எதிர்வீட்டுப் பூவரசன் வாய்விட்டுச் சிரித்தான்.

கவென்ட்ரி சமையலறையில் பருப்பு எங்கே இருக்கிறது, உப்பு எந்த டப்பாவில் என்று சந்திரமோகனுக்குச் சொல்லத் தெரியவில்லை. எட்டு வருஷம் வாழ்ந்த வீடு. மகள் ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டும்போது புது இடத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான். மேல் தட்டில் ஏலக்காய் ஒரு பழைய காப்பி டப்பாவில் இருந்தது. ஜன்னல் ஓரம் ஒரு கொத்தமல்லித் தொட்டி. அதற்கு நேராக, நின்றபடி படிக்கத் தோதாக ஒரு புத்தகத்தைச் சாய்த்து வைத்திருந்தாள் பானுமதி. கல்யாணத்துக்கு முன்பு பாப்பிரெட்டிப்பட்டியில் டீச்சராக இருந்தவள். அந்தப் புத்தகத்தை இன்றுதான் பார்க்கிறான்.

அரிசி கொதிக்கையில் அவன் கவனம் புத்தகத்தில் இருந்தது. இங்கே கஞ்சி பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போனில் காதைக் கிழிக்கும் சத்தம். ராஜாமணி பதறிப்போய்ப் போனையே கீழே போடப் பார்த்தார். கவென்ட்ரியில் அடி பிடித்துப் புகை கிளம்பி, கூரையில் இருந்த அலாரம் அலறியது. சந்துரு காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்தான். மாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"பானு, வெளிய வராத! ஒண்ணுமில்ல, கஞ்சிதான் கருகிச்சி!" என்று சந்திரமோகன் கத்தினான். "வெண்மதி, அடுப்ப அணை. பின் கதவத் தொற. டவல் எடுத்து அலாரத்துக்குக் கீழ விசுறு. அப்படித்தான் கண்ணு. இன்னும் வேகமா."

சத்தம் நின்றது. வெண்மதி துண்டோடு நாற்காலி மேல் நின்றபடி அழ ஆரம்பித்தாள். "எனக்கு வரலப்பா."

திட்டு வாங்கப் போகிறோம் என்று அவள் கண் சொன்னது. அவன் தன் பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினான். பாதிக் கஞ்சி தரையில் கிடந்தது. "எனக்கும் வரல பாரு. மறுபடி வெப்போம்."

இரண்டாவது தடவை தீயைக் குறைத்து வைத்தார்கள். கிண்டிக்கொண்டே இருந்தார்கள், அங்கே ஒருத்தி, இங்கே ஒருவன். ராஜாமணி ஒரு கையில் போனும் மறு கையில் ஒரு சின்ன வெங்காயமுமாக நின்றார். கஞ்சிக்குக் கடித்துக்கொள்ள ஆகும் என்று அவரே கொண்டுவந்தது. உப்பு போட்டுக் கரைத்ததும் வெண்மதி கிண்ணத்தை மாடிக் கதவுக்கு முன்னால் வைத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பானுமதி மாடியிலிருந்தே குரல் கொடுத்தாள். "யாரு செஞ்சது?"

"நானும் அப்பாவும்!"

மாடியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது, இருமலில் முடிந்தது.

அடுத்து வந்த நாட்களில் அடுப்பு வாசலிலேயே நின்றது. பருப்பு வெந்தது, ரசம் கொதித்தது. உருளைக்கிழங்கு ஒருநாள் வேகவே இல்லை. தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நடுவில் ஒரு நாள் பானுமதிக்கு மூச்சு அதிகமாக வாங்கியது. அவன் தபால்காரரைப் போனில் கூப்பிட்டான். அவர் ஆம்புலன்சைக் கூப்பிட்டார். முகத்தை மூடியவர்கள் வந்து சோதித்துப் பார்த்து, ஆஸ்பத்திரி தேவைப்படாது என்று சொல்லிவிட்டுப் போகும்வரை சந்திரமோகன் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

காய்ச்சல் விட்டது. பானுமதி மெதுவாகப் படியிறங்கி வந்து மேசையில் உட்கார்ந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. போன் எதிரில் சாய்ந்து நின்றது. பிள்ளைகள் பின்பக்கம் விளையாடினார்கள்.

"நான் வெச்சிடட்டுமா? ரெஸ்ட் எடு" என்றான்.

"வேணாம். அப்படியே இருங்க. பேச ஒண்ணும் வேணாம்."

அவன் இருந்தான். அவள் சாப்பிடுவதைப் பார்த்தான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் சாப்பிடுவதை முழுசாக உட்கார்ந்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். மெதுவாகச் சாப்பிடுகிறவள். கடைசியில் ஒரு வாய் சோற்றை மட்டும் ஒதுக்கி வைத்து, அதற்கு மோர் ஊற்றிக்கொண்டாள்.

"அந்த ஜன்னல் கிட்ட புத்தகம் வெச்சிருக்கியே, அது என்ன?" என்று கேட்டான்.

"அதுவா? ஸ்கூல்ல அசிஸ்டென்ட் வேலைக்கு ஒரு பரீட்சை இருக்கு. படிச்சிக்கிட்டிருந்தன்." கொஞ்சம் தயங்கினாள். "பாஸ் ஆனா சொல்லலாம்னு இருந்தன்."

ஏன் அதற்கு முன்பே சொல்லவில்லை என்று அவன் கேட்கவில்லை. காரணம் அவனுக்கே தெரிந்திருந்தது.

ஜூலையில் ஓசூர் தாண்ட ஈ-பாஸ் கிடைத்து, பெங்களூரிலிருந்து சுற்றிக்கொண்டு போகும் ஒரு விமானத்தில் இடமும் கிடைத்தது. ராஜாமணி கார்வரை வந்தார். அதற்குள் அம்மாவும் திரும்பியிருந்தாள். அடுப்பை உள்ளே கொண்டுபோய்க் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

கவென்ட்ரி போய்ச் சேர்ந்ததும் இரண்டு வாரம் தனி அறையில் இருந்துவிட்டு வெளியே வந்தான். அவன் இல்லாமல் அந்த வீடு தனக்கென ஓர் ஒழுங்கை ஏற்படுத்திக்கொண்டிருந்தது. எந்த நாளில் யார் துணி துவைப்பது என்பது பிள்ளைகளுக்கே தெரியும். அவனுக்குத்தான் தெரியவில்லை. முதல் சில நாள் விருந்தாளிபோல் தடுமாறினான். சந்துருவிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டான்.

செப்டம்பரில் பள்ளி முழுசாகத் திறந்தது. பானுமதி பரீட்சை எழுதித் தேறி, சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு உதவியாளராகச் சேர்ந்தாள். முதல் நாள் காலை மூன்று பேரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். மழை தூறியது. சந்துரு ஒற்றை ஷூவோடு நின்று மற்றதைத் தேட, அவள் கதவருகில் குடையைப் பிடித்துக்கொண்டு, "நேரமாச்சி, நேரமாச்சி" என்றாள்.

சந்திரமோகன் சோபாவுக்கு அடியிலிருந்து ஷூவை எடுத்து வந்து, மகன் முன்னால் குனிந்து மாட்டிவிட்டான். பிறகு நிமிர்ந்து, "சாயங்காலம் என்ன சமைக்கட்டும்?" என்று கேட்டான்.

பானுமதி குடையை விரித்துக்கொண்டே யோசித்தாள். "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள்.