காற்றின் மேல் போட்ட பழி

அண்ணனின் சட்டைக்கைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த தங்கை நிறுத்தினாள். விலா நொறுங்கிச் செத்த மனிதனின் கைகளில் ஒரு கீறல்கூட இல்லை. புரட்டிப் பார்த்தாள். உள்ளங்கையும் அப்படியே இருந்தது.

"விடு, போதும்" என்றாள் அண்ணி. "இப்படி அலங்காரம் பண்ணி எங்க அனுப்பப் போற?"

நேற்று அடித்த காற்று இன்னும் ஓயவில்லை. அடங்கியதுபோல் பாசாங்கு காட்டிவிட்டு, திடீரென்று தள்ளும். அப்படித் தள்ளியதில்தான் தரையைத் தொடப்போன சின்னப் பயிற்சி விமானம் ஒருக்களித்து, இறக்கை மோதிப் புரண்டது. உள்ளே இரண்டு பேர். ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் அண்ணன். கற்றுக்கொள்ளும், பயிற்சிப் பள்ளி முதலாளியின் மருமகன்.

முதலாளி விடிந்ததுமே வந்துவிட்டார். யார் நுழைந்தாலும் அவரே எழுந்துபோய், கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"காத்துங்க. கடைசி நேரத்துல ஒரே தள்ளு. சார்தான் இறக்கினாரு. அவ்வளவு அனுபவம், பாருங்க, அவருக்கே தப்பிடுச்சு."

ஒவ்வொரு முறையும் அதே சொற்கள், அதே வரிசை. யாரோ எழுதிக்கொடுத்து நெட்டுருப் போட்ட மாதிரி.

"ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுத்தாரு. தனக்கு இறக்கத் தெரியல" என்று அண்ணி முனகினாள். மடியில் சாய்ந்திருந்த மகள் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

தங்கைக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தபோது அண்ணன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். "கை வெளிய இருந்தா சும்மா இருக்காது. ஒரு தடவை நான் பிடிச்சுட்டா, அப்புறம் நீ என்னைத்தான் நம்புவ." அவள் சுவரில் கொண்டுபோய் மோதியபோதும் கைகளை வெளியே எடுக்கவில்லை. "அந்தச் செவுரு உன்னை என்னடி பண்ணுச்சு?" என்றுதான் கேட்டான். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்த அவளுக்கு மணிக்கட்டு பிசகியது. அவன் கைகளுக்கு ஒன்றுமில்லை. விமானத்திலும் அவனுக்கு இதே பழக்கம். மாணவர்கள் வைத்த பட்டப்பெயரே 'கையில்லாத சார்'.

அவள் முதலாளியிடம் போனாள். "அண்ணன்தான் கன்ட்ரோலைப் பிடிச்சிருந்தாரா?"

"பிடிக்காம எப்படிம்மா இறக்க முடியும்?"

"உங்க மாப்பிள்ளை?"

"பக்கத்துல சும்மா உட்கார்ந்து வந்தான். பாவம், வீட்டுல படுத்திருக்கான். வர வேணாம்னு நான்தான் சொன்னேன்."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் வாசலில் கார் நின்றது. மருமகன் இறங்கினான். இரண்டு கைகளிலும் முழங்கை வரை மாவுக்கட்டு.

"உன்னை யாரு வரச் சொன்னா?" என்று பல்லைக் கடித்தார் முதலாளி.

அவன் அவரைத் தாண்டி நடந்தான். அண்ணனின் தலைமாட்டில் போய் நின்றான். யாரோ நாற்காலி போட்டார்கள். யாரோ டீ கொண்டுவந்து நீட்டினார்கள். அவனால் வாங்க முடியவில்லை.

தங்கை கோப்பையை வாங்கிக்கொண்டாள். அண்ணன் மகளைக் கூப்பிட்டாள்.

"இங்க வா. இவரு உங்கப்பாகிட்டப் படிச்சவரு. கையால பிடிக்க முடியாதாம். நீயே குடு."

"எதுக்கும்மா அதெல்லாம்..." என்று முதலாளி எழுந்தார்.

மகள் கோப்பையை அவன் உதட்டருகே கொண்டுபோனாள். அவள் பார்வை மட்டும் மாவுக்கட்டிலேயே நின்றது. அவன் குடிக்கவில்லை.

சூடு அதிகம் போலிருக்கிறது என்று நினைத்து, அவள் ஊதி ஆற்றத் தொடங்கினாள்.