ஆறிய எண்ணெய்

பிரமிளாவுக்கு அன்றும் ஒரு நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் வந்தது. அப்துல் அஜீஸ் அண்ணன் ரயில் இன்ஜினை விட்டு இறங்கியதும் நேராக எங்கள் ஆய்வகத்துக்கு வந்து அவள் மேசையில் வைத்தார்.

"சாப்புடு தங்கச்சி. சம்பல் கூடப் போடச் சொன்னேன்."

"எனக்கு மட்டுமா அண்ணே? தனு பாவம்லா."

அவர் என்னைப் பார்த்தார். "அந்தப் பிள்ள வாயே தொறக்க மாட்டேங்குது. பசிக்குதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிரமிளா பாதியை என் பக்கம் தள்ளினாள். எனக்கு வேண்டியது சோறு அல்ல.

பட்டர்வொர்த் ரயில் பணிமனையில் இன்ஜின் எண்ணெயைப் பரிசோதிப்பது எங்கள் வேலை. எண்ணெயில் செம்புத் துகள் கூடினால் உள்ளே பேரிங் தேய்கிறது என்று பொருள். சரக்கையெல்லாம் தனியார் லாரிகள் குறைந்த கட்டணத்தில் அள்ளிக்கொண்டு போய்விட்டன. அரசு ரயில் நிறுவனம் ஆட்களைக் குறைத்தது. ஆய்வகத்தில் ஒருத்திதான் மிஞ்சுவாள். யார் என்று மேலாளர் ராமதாஸ் வெள்ளிக்கிழமை சொல்வார். இருவரும் வேதியியல் பட்டதாரிகள். பரீட்சைப் புள்ளிகள் எனக்குத்தான் அதிகம். காலையில் ஜார்ஜ் டவுனிலிருந்து அவளோடு ஃபெரியில் கடல் தாண்டி வரும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை, அஜீஸ் அண்ணனின் இன்ஜினிலிருந்து பிரமிளா ஒரு போத்தலில் எண்ணெய் மாதிரி எடுத்து வந்தாள்.

"லேபல் ஒட்டு தனு."

போத்தல் சில்லென்று இருந்தது.

இன்ஜினை நிறுத்தியதும், சூடு ஆறுவதற்குள் எண்ணெயை எடுக்க வேண்டும். ஆறினால் துகள்கள் அடியில் தங்கிவிடும். மேலே எடுப்பது சுத்தமாகத் தெரியும். அவள் ஓட்டுநர்களோடு பேசிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

நான் லேபலை ஒட்டினேன். சும்மா இருந்தால் போதும். தவறு ஒரு நாள் வெளியே வரும், அவள் பெயரில். ஆனால் அந்த இன்ஜின் மாலையில் சரக்கோடு தெற்கே போகிறது. ஓட்டுவது அஜீஸ் அண்ணன்.

"பிரமி, இது ஆறிப்போச்சு."

தொட்டுப் பார்த்தாள். முகம் வெளுத்தது. "ஐயோ, நல்லவேள சொன்னடி." வாசலுக்கு ஓடிக் கத்தினாள். "அஜீஸ் அண்ணே! இன்ஜினக் கொஞ்சம் ஓடவிட்டுத் தாங்கண்ணே. கத பேசிக் கோட்ட விட்டுட்டேன்!"

"ஒதை வாங்கப் போற நீ" என்றபடியே அவர் இன்ஜினில் ஏறினார். நான் கூப்பிட்டிருந்தால் ஏறியிருப்பாரா? நான் கூப்பிட்டிருக்கவே மாட்டேன்.

சூடான மாதிரியில் செம்பு ஏறியிருந்தது. இன்ஜினைப் பழுதுபார்க்க நிறுத்திவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ராமதாஸ் சார் என்னை அழைத்தார். "பிரமிளா இருக்கட்டும்மா."

போத்தல் விஷயத்தை மறைத்துவிட்டாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் ஒரு நிம்மதிகூட இருந்தது. இனி அவளை வெறுக்கலாம்.

"நீதான் கண்டுபிடிச்சேன்னு அவளே வந்து சொன்னா" என்றார் அவர். "உன் மூளையில எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா இனிமே ஒரே ஆளு. இன்ஜின நிறுத்தினதும் டிரைவருங்க போன் பண்ணணும். யாருக்கும்மா பண்ணுவாங்க?"

பதில் எனக்குத் தெரியும்.

ஃபெரியில் பிரமிளா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பாதிக் கடலில் அவள் கைப்பேசி அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையை விட்டுவிட்டு எடுத்தாள்.

"சொல்லுங்க அஜீஸ் அண்ணே."

அவர் என்னைப் பற்றி ஏதாவது கேட்கிறாரா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.