உறைப்புப் பார்க்க ஒரு நாக்கு

“கடதாசி,” என்றார் கிறகரி. “நேற்றும் கடதாசி, இண்டைக்கும் கடதாசி.”

“ஆட்டிறைச்சியப்பா. காலமை வாங்கினது.”

“அப்ப ஆடு கடதாசி திண்டிருக்கும்.”

சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டார். மனைவி இமெல்டா அதை மெல்ல அவர் பக்கம் திரும்பவும் நகர்த்தினாள்.

“இஞ்சாருங்கோ, இன்னும் ரெண்டு வாய். டொக்டர் என்ன சொன்னவர்?”

“நிறை ஏறாட்டி வெட்டமாட்டன் எண்டவர். எனக்குத் தெரியும். நீர் சொல்லத் தேவையில்லை.”

கிறகரியின் சிறுநீரகத்தில் ஒரு கட்டி. அதைச் சுருக்கக் கோடையிலிருந்து குளிசை எடுக்கிறார். சுருங்கியதும் வெட்டி எடுப்பதாகத்தான் பேச்சு. கட்டி சுருங்கியது, கூடவே மனுசனும் சுருங்கினார். இந்த உடம்பு ஒப்பரேசனைத் தாங்காது, முதலில் சாப்பிட வையுங்கள், வாய்க்கு எது பிடிக்கிறதோ அதைக் கொடுங்கள், உறைப்பென்றாலும் பரவாயில்லை என்றார் டொக்டர். நாக்கில் ருசி இல்லை என்று கிறகரி சொன்னபோது, சிலருக்கு அந்தக் குளிசை அப்படிச் செய்யும் என்று எழுதிக்கொண்டார். குளிசையை நிறுத்த முடியாது. சாப்பாடும் இறங்கவில்லை. மொன்ட்ரியாலின் லாசாலில் அந்த இரண்டு அறை வீட்டில் வேறு கதை இல்லாமல் போயிற்று.

“அண்டைக்கு நிரஞ்சனி போர்த்துக்கீசன்ர கடையில கோழி வாங்கித் தந்தவள்,” என்றார் கிறகரி. “அதுக்கு ஒரு சிவப்பு சோஸ் குடுத்தவங்கள். அது மட்டும் நாக்கில ஏறினது.”

“அப்ப சோஸ் வாங்குவம்.”

“எல்லா சோஸும் சோஸோ. நல்லது பாத்து எடுக்கவேணும். உமக்கெங்க தெரியப்போகுது, நீர்தான் இப்ப பால்கறியோட சீவிக்கிறீர்.”

“எனக்கு வயித்தில அசிட்.”

“ஓம் ஓம். அசிட்.”

இமெல்டாவுக்கு அசிட் இல்லை. கோடையில், குளிசை தொடங்கிய கிழமையே, அவள் தனியே பஸ் பிடித்து மலையிலிருக்கும் சூசையப்பர் கோயிலுக்குப் போயிருந்தாள். அங்கே நடுப்படிகள் முழங்காலால் ஏறுகிறவர்களுக்கு. சனம் ஏறிக்கொண்டிருந்தது. அவளுடைய முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனவை. படியடியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, முழங்கால் இல்லாவிட்டால் நாக்கைத் தாறேன், இனி உறைப்பு என் நாக்கில் படாது, இவருக்குச் சுகத்தைக் கொடும் என்று நேர்ந்துவிட்டு வந்தாள். நேர்த்தியை வெளியே சொன்னால் பலிக்காது என்று வளர்ந்தவள். அவருக்கும் சொல்லவில்லை.

கிறகரியின் தங்கை நிரஞ்சனி சனிக்கிழமை கர்க்லாண்டிலிருந்து காரோடு வந்தாள். ஒரு கார்டரியில், குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகள் பார்க்கிறவள்; பிரெஞ்சு நன்றாகக் கதைப்பாள். பின்சீற்றில் ஒரு பாண் கிடந்தது.

“பாண் என்னத்துக்கு?”

“சோஸைச் சும்மா நக்குறதோ மச்சாள்? வாங்கி வாங்கி காரில வைச்சுப் பாப்பம். நீங்களொரு துண்டு, நானொரு துண்டு.”

“எனக்கு வேண்டாம். பல்லுக் கூசுது.”

“உறைப்புக்குப் பல்லு ஏன் கூசுது?”

“வயசு போனா எல்லாம் கூசும். நீர் பாரும்.”

முதலில் அவர்கள் கட்டடத்துக்குக் கீழேயிருந்த சின்னக் கடை, டெபனர். பியருக்கும் சிப்ஸுக்கும் நடுவில் ஒரு சின்னப் போத்தல். நிரஞ்சனி பாணில் தட்டி வாயில் வைத்தாள்.

“எப்பிடி?”

“வினாகிரி. முட்டையில விடலாம். அண்ணைக்குக் காணாது.”

பிறகு சீனக்கடை. அங்கே ஒரு சுவர் முழுக்க சோஸ். இமெல்டா ஒவ்வொரு போத்தலாகத் தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். விதை எப்படி இறங்குகிறது, எண்ணெய் மேலே நிற்கிறதா, சிவப்பு மிளகாயின் சிவப்பா சாயத்தின் சிவப்பா. கண்ணால் மூன்றைக் கழித்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

“உள்ளி தூக்கலா இருக்கு,” என்றாள் நிரஞ்சனி காருக்குள். “பின்னால சீனி. உறைப்பு வரேக்க சீனி பிடிச்சு இழுக்குது. மச்சாள், ஒருக்கா நாக்கு நுனியிலயாவது வையுங்கோவன். நான் சொல்லுறது சரியோ பிழையோ தெரியவேணுமெல்லே.”

“நீர் அவற்ற தங்கச்சி. உம்மட நாக்கும் அவற்ற நாக்கும் ஒண்டுதானே.”

“அப்ப நான் கொண்டுவந்த பாணும் நாக்கும் ரெண்டும் உங்களுக்கு ஓசி.”

தமிழ்க்கடைக்கார அருமைராசா காரணம் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“தூள் இருக்கேக்க சோஸ் என்னத்துக்கு அக்கா? அம்மா வறுத்த தூள் மாதிரி இருக்கும், தரட்டே?”

“தூளைக் கறியில போடலாம். அவருக்குக் கறியே விளங்கேல்லை.”

“அப்ப இந்தாங்கோ, இது நல்லாப் போகுது.”

“ஆர் வாங்குகினம்?”

“வெள்ளையள்தான் கூட.”

“அப்ப சீனி,” என்றாள் நிரஞ்சனி.

“ஆக்களைச் சொன்ன உடன ருசி சொல்லுறீங்களே. இமெல்டாக்கா, நீங்கள் பாருங்கோ. உங்கட கைக்கு ஒரு பேர் இருக்கு. பங்குத் திருநாளுக்கு நீங்கள் வைச்ச இறைச்சிக் கறியை இன்னும் சனம் கதைக்குது.”

அவன் மூடியைத் திறந்து, பல்லுக்குச்சியில் தொட்டு நீட்டினான். இமெல்டா அரிசி மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைசியாக மொன்ட்ரியால்-நோரில் ஒரு ஹெய்ற்றி நாட்டவர் கடை. அதை நிரஞ்சனியோடு வேலை செய்கிற பெண் சொல்லியிருந்தாள். நெற்றியில் துணி கட்டிய பெரிய மனுசி கல்லாவில் இருந்தாள். போன்ஜூர் சொல்லிவிட்டு, தட்டுகளில் அடுக்கியிருந்த சோஸ்களைக் கேட்டபோது அவற்றை விடுங்கள் என்று கையால் தள்ளி, கல்லாவுக்குக் கீழிருந்து ஒரு ஜாம் போத்தலை எடுத்தாள். வீட்டில் செய்தது. மஞ்சளும் சிவப்புமாக மிளகாய், காரட், எலுமிச்சைப் புளி.

நிரஞ்சனி ஒரு துளி வைத்தாள். முதலில் சிரித்தாள். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

“என்ன மாதிரி?” என்றாள் இமெல்டா.

“கதைக்காதேங்கோ.”

“நல்லதோ கூடாதோ?”

“நல்லது. முதல் பழம் மாதிரி வருது, பேந்து… மச்சாள், தண்ணி.”

இமெல்டா போத்தலை வாங்கி மூக்கருகே பிடித்தாள். மணம் பார்ப்பது நேர்த்தியில் சேருமோ என்று யோசனை வந்தது. சூசையப்பரிடம் நாக்கைத்தான் சொன்னாள், மூக்கைப் பற்றிக் கதைக்கவில்லை. ஆழமாக இழுத்தாள். வாய் முழுக்க எச்சில் ஊறி, விழுங்கவும் பயந்து நின்றாள்.

“இதுதான்,” என்றாள்.

கடைக்காரி பிரெஞ்சில் ஏதோ கேட்டாள்.

“என்னவாம்?”

“சாப்பிட்டுப் பாக்காமல் எடுக்கிறா, புருசனோட கோபமோ எண்டு கேக்கிறா.”

“கோபமில்லை எண்டு சொல்லும்.”

“நான் சொன்னாலும் அவ நம்பமாட்டா.”

மத்தியானம் கிறகரி அந்தச் சோஸைச் சோற்றில் விட்டு, இறைச்சியில் விட்டு, பருப்பில் விட்டுக் குழைத்தார். முதல் வாயில் இருமினார். இரண்டாவதில் மூக்கு ஓடியது. மூன்றாவதுக்குப் பிறகு கை நிற்கவில்லை. கோப்பை வெளுத்தபின், “கொஞ்சம் சோறு போடும்,” என்றார்.

கோடைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்காத சொல். இமெல்டா அடுப்புப் பக்கம் திரும்பி, சூசையப்பா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அகப்பையை எடுத்தாள்.

“எனக்கும் போடுங்கோ மச்சாள். காலமை முழுக்கப் பாணும் நெருப்பும்தான்,” என்றாள் நிரஞ்சனி. அவள் பின்னேரங்களில் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறவள். இந்த வீட்டில் சோறு தின்று கனகாலம்.

ஒரு வாய் வைத்தாள். நிறுத்தினாள். இறைச்சியைத் தனியே எடுத்துச் சப்பினாள். பருப்பை நக்கினாள்.

“மச்சாள், உப்புப் போட மறந்திட்டீங்களோ?”

“போட்டனான்.”

“தூள்?”

“போட்டனான்.”

“அண்ணை, சோஸ் படாத இறைச்சி ஒண்டைச் சாப்பிடுங்கோ.”

“அதைத்தானே இவ்வளவு நாளும் சொல்லுறன். கடதாசி.”

“கடதாசிதான் அண்ணை. எனக்கும் கடதாசிதான்.” நிரஞ்சனி கையைக் கோப்பையில் வைத்தபடி இருவரையும் பார்த்தாள். “நான் ஒரு குளிசையும் எடுக்கேல்லை.”

கீழே தெருவில் பஸ் ஒன்று நின்று போனது.

“அண்டைக்கு நான் வாங்கித் தந்த கோழியை எலும்பு மிச்சமில்லாமல் திண்டனீங்கள்,” என்றாள் நிரஞ்சனி. “சோஸால எண்டு நினைச்சம். கோழியாலயும்தான். உங்கட நாக்குக்கு ஒண்டுமில்லை.”

கிறகரி மனைவியைப் பார்த்தார். “நீர் கறியைக் கையில விட்டுப் பாக்கிறேல்லையோ?”

உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து உப்பும் உறைப்பும் சரிக்கட்டுவதுதான் அவள் சமையல். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் கண்டது. இப்போது தூள் போட்ட எதையும் நாக்கில் வைக்க முடியாது. குருட்டுவாக்கில் போட்டாள். நோயாளிக்குக் கூடிவிடக் கூடாதே என்று பயந்து, ஒவ்வொரு நாளும் ஒரு கிள்ளுக் குறைத்துப் போட்டாள். அவர் கடதாசி என்றபோதெல்லாம் குளிசையைத் திட்டினாள்.

சொல்லிவிட்டாள். மலையையும் படியையும் முழங்காலையும் சொன்னாள்.

“ஆர் உம்மட்டைக் கேட்டது?” என்றார் கிறகரி.

“உங்களுக்காகத்தான்—”

“எனக்காக என்னைப் பட்டினி போட்டனீர். நான் டொக்டரிட்டை நாக்குச் செத்துப்போச்செண்டு சொல்லி, அவர் அதை எழுதி, ஒப்பரேசனும் தள்ளிப்போய்… இவ இஞ்ச சூசையப்பரோட வியாபாரம் பேசிக்கொண்டிருக்கிறா.”

“விடுங்கோ அண்ணை. தெரிஞ்சுபோச்சுத்தானே.” நிரஞ்சனி ஒரு கரண்டியில் சோஸை எடுத்து இமெல்டாவின் முன்னால் நீட்டினாள். “இந்தாங்கோ. இப்பவே முறியுங்கோ. முறிச்சுப்போட்டு அந்தக் கறிக்கு உப்பைப் போடுங்கோ.”

இமெல்டா கரண்டியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள். சாப்பிடும் என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்தால் போதும், சூசையப்பரிடம் பிறகு கதைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

கிறகரியின் கண் கரண்டியில் நின்றது. முகத்திலிருந்த கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, வேறொன்று ஏறியது.

“வேண்டாம்,” என்றார்.

“என்னண்ணை, இப்பதானே ஆர் கேட்டதெண்டனீங்கள்.”

“அது வேற. கேட்டோ கேளாமலோ, நேர்ந்தாச்சு. முறிச்சா ஆருக்குப் படும்? உனக்கோ? எனக்கல்லோ.” இமெல்டாவைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “எவ்வளவு காலத்துக்கு நேர்ந்தனீர்?”

“காலம் சொல்லேல்லை.”

“சொல்லேல்லையோ?”

“சுகத்தைக் கேட்டனான். நாக்கைத் தாறன் எண்டனான். திருப்பித் தாறதைப் பற்றிக் கதைக்கேல்லை.”

நிரஞ்சனி மூக்கால் சிரித்தாள். கிறகரி சிரிக்கவில்லை. கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு ஒழுங்கு மாறியது. கறி கொதிக்கும்போது இமெல்டா கூப்பிடுவாள். அவர் எழும்பி வந்து உள்ளங்கையை நீட்டுவார். அவள் சொட்டு விடுவாள். “உப்புக் காணாது,” என்பார். “இன்னொரு கரண்டி தூள்,” என்பார். அவள் போடுவாள். அவர் போய்ச் சோபாவில் இருப்பார். நிறை ஏறியது. பனி விழ முன்னமே வெட்டி எடுத்தார்கள். நல்லபடி முடிந்தது.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து இமெல்டா பங்குச் சுவாமியிடம் மெல்லக் கேட்டாள். காலம் சொல்லாத நேர்த்தியைச் செபமாலையாக மாற்றித் தரலாம், அதில் பாவமில்லை என்றார் சுவாமி. நிரஞ்சனியின் காரில் அதைச் சொன்னபோது கிறகரி வீதியைப் பார்த்தபடி இருந்தார்.

“சுவாமிக்கென்ன. வெட்டினது அவரையே?”

“மாத்தலாமாம் எண்டுதான் சொன்னவர்.”

“அடுத்த ஸ்கான் வரட்டும். பேந்து பாப்பம்.”

அடுத்த ஸ்கான் சுத்தமாக வந்தது.

“பாத்தீரே,” என்றார். “வேலை செய்யுது.”

இப்போது சோஸ் வாங்க அவள் தனியே பஸ்ஸிலும் மெத்ரோவிலும் மொன்ட்ரியால்-நோருக்குப் போகிறாள். கடைக்காரிக்கு அவளைத் தெரியும். ஒவ்வொரு போத்தலிலும் ஒரு துளியைக் கடைக்காரியே பிஸ்கட்டில் வைத்துத் தின்பாள். இமெல்டா அவள் முகத்தைப் பார்த்து நிற்பாள். புருவம் எப்போது சுருங்குகிறது, மூச்சு எப்போது வாங்குகிறது, விழுங்கிய பின் உதட்டை நக்குகிறாளா, துடைக்கிறாளா. நக்கினால் அந்தப் போத்தலை எடுப்பாள். மெர்சி என்று சொல்லிவிட்டு வருவாள். இதுவரை ஒன்றும் பிழையாய்ப் போகவில்லை.

போன சனிக்கிழமை கொண்டுவந்தது பச்சை நிறம். புதிது. கிறகரி மீனில் விட்டு ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். நெற்றி வியர்த்தது. கோப்பையை வழித்துத் துடைத்துத் தின்று முடிக்கும்வரை கண்ணைச் சரியாகத் திறக்கவில்லை.

“இதுதான் சோஸ்,” என்றார். “இவ்வளவு நாளும் வாங்கினது ஒண்டும் சோஸில்லை. இஞ்சாரும், ஒரு சொட்டு நாக்கில வைச்சுப் பாருமன்.”

இமெல்டாவின் கை அவளைக் கேளாமலே நீண்டது. உள்ளங்கை மேலே பார்த்தபடி, ஒரு சொட்டுக்கு எவ்வளவு குழிய வேண்டுமோ அவ்வளவு குழிந்து மேசைக்கு நடுவில் நின்றது.

“ஐயோ, மறந்துபோனன்,” என்றார் கிறகரி.

போத்தலை மூடி, மூடியை இறுக்கித் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். அவள் கை இன்னும் அங்கேயே இருந்தது. அதில் தன் வெறுங்கோப்பையை வைத்தார்.

“நாளைக்கும் மீனே வாங்கும்.”