சாம்பார்க் கவர்

கொதிக்கிற சாம்பாரை மொண்டு பிளாஸ்டிக் கவரில் ஊற்றி, வாயை முறுக்கி, நூலைச் சுற்றி இழுத்தாள் ஜெயசுதா. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஓட்டலில் பார்சல் கட்டுவது அவள் வேலை. விரல் நுனிகளுக்குச் சூடு தெரிவது எப்போதோ நின்றுபோயிருந்தது.

கிளம்பும்போது கட்டியதில் ஒரு பார்சல் அவளுக்கு, கூலியோடு சேர்த்தி. செட்டிகுளத்தில் மகள் வினோதினி அதற்காகத்தான் காத்திருப்பாள். வீட்டில் அவர்கள் இருவர் மட்டுந்தான்.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பிள்ளைக்கு மார்பு அரும்பத் தொடங்கியிருந்தது. சோப்புப் போடும்போது வலிக்கிறதென்று கையைத் தட்டிவிட்டது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, வயசுக்கு முந்தி வளருது என்றார். இதனால்தான் என்று எதையும் கைகாட்ட முடியாதாம். ஆனாலும் பிளாஸ்டிக்கில் சுடச்சுட எதுவும் கொடுக்காதே, வாசனைப் பவுடர் பூசாதே, அதிலுள்ளவை பிள்ளையின் ஹார்மோனைக் குழப்பும் என்றார். ஜெயசுதா தன் கைகளைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பவுடரைத் தூக்கிப் போட்டாள். மறுநாள் எவர்சில்வர் தூக்கோடு வேலைக்குப் போனாள். முதலாளி இளையபெருமாள் என்னவென்று விசாரித்தார். சொன்னாள்; பிள்ளையின் சங்கதி வந்தபோது குரல் தாழ்ந்தது. அவர் அக்கறையாகத்தான் கேட்டார்.

"ஒனக்குத் தூக்குல ஊத்துனா நாளைக்கு எல்லாரும் வாளியத் தூக்கிட்டு வருவாங்க சுதா. கட்டுனதுல ஒண்ணு எடுத்துக்க. வேணாம்னா வுட்டுடு."

"எம்புள்ளைக்கு மட்டுந்தாங்க."

அவர் பில்லோடு வந்தவரிடம் திரும்பிக்கொண்டார்.

அன்று வெறும் தூக்கோடு வீடு போனாள். உலை கொதிப்பதற்குள் வினோதினி தூங்கிவிட்டாள். எழுப்பி ஊட்டிய சோறு கன்னத்திலேயே ஒதுங்கிக் கிடந்தது. அடுத்தடுத்த நாட்களும் அப்படியே. ஒரு காலையில் பிள்ளை எழுந்திருக்க முடியாமல் சுருண்டு கிடந்ததைப் பார்த்த பிறகு, ஜெயசுதா மறுபடி பார்சலை எடுத்துவரத் தொடங்கினாள்.

கொஞ்ச நாள் கழித்து முதலாளி வீட்டு டிரைவர் புத்தம்புது எவர்சில்வர் கேரியரைக் கொண்டுவந்து வைத்தார். முதலாளியின் பேரப்பிள்ளைகளுக்கு இனி இதில்தான் சாப்பாடு போகுமாம்.

"நீ சொன்னது நல்லதாப் போச்சும்மா," என்றார் இளையபெருமாள். "அடுப்புலேர்ந்து நேரா இதுல ஊத்து. தெனம் மொதல்ல இத முடிச்சிட்டு மத்ததப் பாரு."

ஜெயசுதா கேரியரைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவினாள். சோறும் சாம்பாரும் கூட்டும் நிரப்பி, அழுத்தி மூடிக் கொக்கியை மாட்டினாள்.

சாயங்காலம் செட்டிகுளம் பஸ்ஸில் இடம் கிடைத்தது. சூட்டில் குழைந்து உப்பியிருந்த சாம்பார்க் கவரைத் தொடையில் படாமல் முந்தானையைச் சுருட்டி அடியில் கொடுத்து, பள்ளத்தில் பஸ் குலுங்கும்போது தெறித்துவிடாதபடி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.