பயிற்சிக்குப் போன கட்டைவிரல்

மூன்றாவது மாடிச் சாரத்தில் பலகை உளுத்திருந்தது. இடுப்பில் கட்ட பெல்ட் கிடையாது. என் வீட்டுக்காரர் விழுந்தார். தண்டுவடம் நசுங்கி, கழுத்துக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை.

ஐந்தாம் நாள் கட்டடக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். சாரத்துப் பக்கமே எட்டிப் பார்க்காத மகராசன். நான் மருந்து வாங்கிவிட்டுத் திரும்பியபோது, மேசையில் நாலு ஆப்பிளை வைத்துவிட்டுக் கக்கத்தில் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"தைரியமா இருங்கம்மா. நாங்க இருக்கோம்."

சாயங்காலம் உடம்பு துடைக்கும்போது பார்த்தேன், வலது கட்டைவிரலில் நீல மை.

"ஏங்க, விரல்ல என்ன மை?"

"எந்த விரல்ல?" என்றார். ஊசி போட்டுத் தூங்கிய மனுஷன். தூங்காவிட்டாலும் தெரிந்திருக்காது. ஏதோ மருந்து என்று நானும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அறிவு கெட்டவள்.

அப்புறம் கம்பெனி விசாரணை நடத்திக் குற்றவாளியைக் கண்டுபிடித்தது. என் வீட்டுக்காரரேதானாம். பெல்ட் கொடுத்து, போடப் பயிற்சியும் கொடுத்தார்களாம், அவர்தான் போடவில்லையாம். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டேன். கோர்ட்டும் அதையே சொன்னால் அவர் வைத்தியத்துக்கு நான் பிச்சைதான் எடுக்க வேண்டும்.

கோர்ட்டில் அந்த அதிகாரி பயிற்சிப் பதிவேட்டை நீட்டினார். விழுவதற்கு ஒரு மாதம் முந்தைய தேதி, மத்தியான நேரம். முப்பது பேர் கையெழுத்து, நடுவில் இவர் பெயருக்கு எதிரே நீல ரேகை.

"இது அவர் ரேகைதானா?" என்று கேட்டார் எங்கள் வக்கீலம்மா.

"சந்தேகமே வேண்டாம். சோதிச்சுப் பாத்துக்கலாம்." அப்படி ஒரு பெருமை.

வக்கீலம்மா அதே தேதி வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்தார். கம்பெனியிடம் கேட்டு வாங்கியதுதான். அதில் இவர் கையெழுத்து, கீழே கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. அந்தப் புள்ளிகளில் இவருக்கு அவ்வளவு கர்வம்.

"காலையில இப்படிக் கையெழுத்துப் போட்டவர் மத்தியானம் ஏன் கைநாட்டு வச்சார்?"

அதிகாரி தண்ணீர் குடித்தார். "கை வலின்னு சொன்னார்."

"மறுநாளும் கையெழுத்துப் போட்டிருக்காரே. எல்லா நாளும் போட்டிருக்காரே."

அவர் மறுபடி தண்ணீர் குடித்தார். நான் கூண்டில் ஏறி ஆப்பிளையும் மையையும் சொன்னேன். முழுப் பொறுப்பும் கம்பெனிக்கே என்று தீர்ப்பு வந்தது.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அவர் சிரித்தார். "அந்த விரலைக் காட்டு" என்றார். கையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா அழுத்தியிருப்பான், இல்ல? எனக்குத் தெரியவே இல்லையே."

அவர் கண் நிறைந்து வழிந்தது. நான் துடைத்துவிட்டேன்.