உரலுக்கு ஆள்

அன்று ஆறுமுகசாமி வீட்டு ஆசாரக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர் ஆறுமுகசாமி வடக்குச் சுவரோரம் சாய்வு நாற்காலியில். அவருக்கு வலப்பக்கம் கயிற்றுக் கட்டிலில் பங்காளி குப்பண்ணன், வெற்றிலைத் தட்டோடு. எதிரே பாயில் ஆறுமுகசாமியின் தம்பி ரத்தினசாமி. சமையல்கட்டு நிலையில் சாய்ந்தபடி ஆறுமுகசாமியின் மனைவி சரஸ்வதியம்மாள். ரத்தினசாமியின் மனைவி நாச்சம்மாள் தூணோரம் நின்றாள்; அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. வெளியே வாசலில், முச்சந்தி மளிகைக்கடை ஹக்கீமுக்கு ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். வாசல் கோடியில் கம்பு இடித்துக்கொண்டிருந்த மருதாத்தாளை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

பேச்சு ஒரு கையெழுத்தைப் பற்றியது. நாச்சம்மாள் மாவு மிஷின் போடப் போகிறாள். பொள்ளாச்சியிலிருந்து வந்த மிஷின் நாலு மாதமாகச் சாக்குப் போர்த்திக்கொண்டு மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறது. கரண்ட் அவள் பேருக்குப் பாஸாகிவிட்டது. ஆனால் ரோட்டிலிருந்து லைன் வர ஆறுமுகசாமியின் தென்னந்தோப்பில் இரண்டு கம்பம் நட வேண்டும். அவர் சம்மதக் கடிதம் திங்கட்கிழமைக்குள் ஆபீசுக்குப் போகாவிட்டால் எல்லாம் ரத்து. அன்றைக்கு வெள்ளி.

கடிதத்தை நாச்சம்மாளே எழுதிக் கொண்டுவந்திருந்தாள். கொழிஞ்சாம்பாறைப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். சர்வே நம்பர், கம்பத்தின் எண்ணிக்கை, தேதி எல்லாம் வரிசையாக இருந்தன. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள்.

ஆறுமுகசாமி அதைப் படித்துவிட்டு மடியில் கவிழ்த்து வைத்தார்.

"நம்ம வகையறாவுல வெள்ளாமை பண்ணியிருக்கறோம், வண்டி ஓட்டியிருக்கறோம். ஊரான் ஊட்டுத் தானியத்த வாங்கி அரைச்சுக் குடுத்து எவனும் பொழைக்கலே."

"அதுவும் பொம்பள பேருல," என்றார் குப்பண்ணன். "ஏன் ரத்தினசாமி, நீ மாவு சலிக்கப் போறயா, இல்ல மூட்டை தூக்கப் போறயா?"

ரத்தினசாமி பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். நாச்சம்மாள் அவன் வாயையே பார்த்தாள். நேற்று ராத்திரி வரை "அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன்" என்ற வாய்.

"அண்ணன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்றான் அவன்.

ஆறுமுகசாமி தொண்டையைக் கனைத்தார். "முடியாதுன்னு நான் சொல்லலே. ஒண்ணு மட்டும் எழுதிக் குடுத்துரட்டும். நம்ம சனத்துக்கு மட்டுந்தான் அரைக்கறது. காலனி ஆளுக தானியம் அந்தத் தொட்டியில விழக்கூடாது. நாளைக்கு மாரியம்மனுக்கு மாவிளக்கு மாவு அதுலதான் அரைக்கோணும்."

"மாமா," என்றாள் நாச்சம்மாள். மச்சாண்டாரிடம் அவள் நேராகப் பேசியது கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. "நம்ம சனம் யாருங்க மிஷினுக்கு வருவாங்க? எல்லா ஊட்டுலயும் இடிக்க ஆளிருக்குதுங்க. பகலெல்லாம் காட்டு வேல செஞ்சுட்டு, கூலியா வாங்குன கம்பையும் ராகியையும் பொழுது போயி இடிக்கறவங்கதானுங்க வருவாங்க. அவங்கள வராதீங்கன்னுட்டு நான் யாருக்குங்க மிஷின் ஓட்டறது?"

"பாத்தீங்களா," என்று சரஸ்வதியம்மாள் நிலையை விட்டு நிமிர்ந்தாள். "நான் அன்னிக்கே சொன்னனுங்க. இவளுகெல்லாம் மிஷினுக்குப் போயி நொடியில அரைச்சுட்டுப் போயிட்டா, நம்மூட்டு உரலுக்கு எவ வருவா? கொஞ்சம் தவிடும் நொய்யும் குடுத்தா இன்னிக்கு நாள் பூரா நிக்கறாளுக."

உலக்கைச் சத்தம் நின்றது. சரஸ்வதியம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆறுமுகசாமி மனைவியைப் பார்த்த பார்வையில் மாரியம்மனும் இல்லை, மாவிளக்கும் இல்லை.

வாசலிலிருந்து ஹக்கீம் பேசினான்.

"கவுண்டரே, நான் இதைச் சொல்லத்தான் வந்தேன். என் கடைக்குப் பின்னால ஒரு ஷெட் சும்மா கிடக்குது. லைன் கடை வரைக்கும் வந்திருக்குது, கம்பமே வேண்டாம். எங்க அத்தா காலத்துலருந்து நாங்க தராசு பிடிக்கிறவங்க. எங்க சனத்துல அதைக் கொறச்சலா யாரும் பேசமாட்டாங்க. எனக்குப் புண்ணியம் ஒண்ணும் வேண்டாம், வாடகை வந்தாப் போதும்."

"கடைக்கு ஆள் சேர்க்கறான்," என்றார் குப்பண்ணன்.

"சேர்க்கத்தான் சேர்க்கறேன். மாவு அரைக்க வர்றவங்க உப்பு வாங்காமயா போவாங்க?"

ஆறுமுகசாமி மடியிலிருந்த கடிதத்தை எடுத்தார். நாலாக மடித்தார். கிழிக்கவில்லை, நாற்காலியின் ஆடுகிற காலுக்கு அடியில் கொடுத்துச் சாய்ந்துகொண்டார்.

"அங்க போயி மிஷின் வெச்சா, இந்த வாசப்படி ஏறாதே. பொங்கலுக்குமில்ல, எழவுக்குமில்ல. ரத்தினசாமி, உனக்குந்தான்."

ரத்தினசாமி எழுந்து அண்ணனுக்குப் பின்னால் போய் நின்றான். நாச்சம்மாள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படி இறங்கினாள். உரலைத் தாண்டும்போது மருதாத்தாள் தலை நிமிராமல் கேட்டாள்.

"அங்கியும் நாங்க பின்னாலதான் நிக்கோணுங்களா, சின்ன அம்மிணி?"

"வந்த வரிசையில."

"இப்பிடி எத்தன பேர் சொல்லியிருக்கறாங்க. மொதல்ல ஓட்டுங்க, அப்பறம் பாக்கலாமுங்க."

உலக்கை மறுபடி விழுந்தது. அந்தப் பேச்சிலும் ஈரமில்லைதான். ஆனாலும் அந்த வீட்டில் அன்று அவளிடம் நேராக ஒரு கேள்வி கேட்டவள் மருதாத்தாள் ஒருத்திதான்.

நாச்சம்மாள் வீட்டுக்கு வந்து புதுத் தாள் எடுத்தாள். மேலே தேதி. கீழே விஷயம்: மின் இணைப்பு இடம் மாற்றக் கோருவது. ஒன்று, முன்பு காட்டிய இடத்துக்குக் கம்பம் நடச் சம்மதம் கிடைக்கவில்லை. இரண்டு, புது இடம் முச்சந்தியில் ஹக்கீம் கடைப் பின்புற ஷெட். லைன் அருகில் உள்ளது. மூன்று, அரைக்க வருகிறவர்கள் எல்லோரும் பொது. மூன்றாவது வரியை ஆபீஸ் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். அடிக்காமல் விட்டாள்.

ரத்தினசாமி வந்து வாசலில் நின்றான்.

"இந்தக் கடுதாசிய நான் கொண்டுபோய்ப் போட மாட்டேன்."

"உங்களக் கேக்கலீங்களே."

"அண்ணன் ஊட்டுப் பக்கம் இனி தல காட்ட முடியாது, புள்ள."

"நீங்க அங்கியே இருந்துக்குங்க. பின்னால நிக்க எடம் இருக்குதே."

சோற்றுப் பருக்கை நாலை நசுக்கி உறையின் வாயை ஒட்டினாள். விலாசத்தை இன்னொரு தடவை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தாள். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆறுமுகசாமி தோப்பு வழியாக அல்ல, சுற்றி ரோட்டு வழியாகவே முச்சந்திக்கு நடந்தாள். ஹக்கீம் கடைத் தூணில் தொங்கிய சிவப்புப் பெட்டியில் நாலரை மணிக்குத் தபால் எடுப்பார்கள். பெட்டியின் வாய்க்குள் உறை பாதி போனதும், குப்பண்ணன் சைக்கிளில் வந்து எதிர்ப்பக்கம் கால் ஊன்றி நிற்பதைப் பார்த்தாள். அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று ஒரு நொடி நிறுத்தி, பிறகு கையை விட்டாள்.